வெள்ளிக்கிழமை மின்கசிவு

மார்ச் 3, திங்கள்
கட்டட அனுமதி ஆபீசில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதற்கு இன்று ஒரு கௌரவம்: நான் தீத்தடுப்புப் பொறுப்பாளர். போன வாரக் கூட்டத்துக்கு வராதவன் நான் ஒருவன்தான், தலையில் கட்டிவிட்டார்கள். என் ஆட்சிக்கு உட்பட்டவை நாலு சிவப்பு வாளிகள். இரண்டில் மணல், ஒன்றில் சிகரெட் துண்டு, ஒன்றில் டைப்பிஸ்ட் அம்மாவின் குடை.

மார்ச் 5
மச்சினன் கேன்டீனில் காதைக் கடித்தான். மனைவியின் தம்பி, எங்கள் ரெக்கார்டு ரூம் சாவி அவனிடம்தான்.
“அத்தான், அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுடுங்க.”
“ஏன்டா?”
“ரெக்கார்டு ரூம்ல மின்கசிவு ஆகப்போகுது.”
மின்கசிவு தேதி சொல்லிவிட்டா வரும்? எங்கள் ஆபீஸ் என்ஜினியர் ஏற்பாடாம். அவர் நாலு மாடிக்கு அனுமதி கொடுத்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. பதினேழாம் தேதி தணிக்கை. அதற்குள் கோப்பு சாம்பலாக வேண்டும்.
“நான் ஒண்ணும் செய்யலை அத்தான். கதவைப் பூட்டாம போறேன், அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லாதீங்க, அக்காகிட்ட கூட.”
என்னிடம் வந்து சொல்கிறான்! ஆபீசே என்னை ‘ஒலிபெருக்கி’ என்கிறது. பயல் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறான்.

மார்ச் 6
யாரிடமும் சொல்லவில்லை. வயிறு உப்பிவிட்டது.

மார்ச் 7
எதிர்வீட்டு வக்கீலிடம் போய், “என் நண்பர் ஒருத்தர்...” என்று ஆரம்பித்தேன்.
“நண்பருக்கு என்ன பொறுப்பு?”
“தீத்தடுப்பு.”
“அப்போ உள்ள போவார்.”
“அவர் தீ வைக்கலையே சார்!”
“தடுக்க வேண்டிய அரசு ஊழியர், தெரிஞ்சும் மறைச்சா அதுவே குற்றம். தீயே பிடிக்கலைன்னாலும் விட மாட்டாங்க.”
பிடிக்காத தீக்குமா? அதற்கும் ஜெயிலா?
வழியனுப்பும்போது கேட்டார்: “உங்க நண்பர் ஏன் இப்படி வேர்க்கறார்?”

மார்ச் 9, ஞாயிறு
மச்சினனிடம் மன்றாடினேன்.
“என்ஜினியரை எதிர்த்தா வேலை போயிடும் அத்தான்.”
“வேலை போனா வீட்டுல இருப்பே. இப்படியே போனா ஜெயிலே வீடாயிடும்டா!”
அழுதான். நாற்பது வயது மீசை அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சரி என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 10
பெரிய அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார்.
“போன மாசம் எனக்கு மாற்றல்னு கிளப்பிவிட்டது நீங்கதானே?”
அப்புறம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “எழுத்துல எதுவும் வேணாம். நீங்க சொல்லலை, நான் கேக்கலை.”
ஆக, நம்பிவிட்டார். நம்பாத மனுஷன் கதவைச் சாத்துவானா?

மார்ச் 11
எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். எங்கள் ஆபீசில் ஒரு தாளைத் தொலைக்கலாம், கிழிக்கலாம், மேலே டீ கொட்டலாம். தபால் பதிவேட்டில் ஏறி இன்வார்டு நம்பர் விழுந்துவிட்டால் மட்டும் கதை வேறு. யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும்.
மச்சினன் பெயர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டதாக எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டேன். அவன் என்ன ஆவான்? அவன் அக்கா என்னை என்ன செய்வாள்? ஆனாலும் எழுதிவிட்டேன்.
தபால் மேஜையில் நீட்டப் போனேன் — பின்னாலிருந்து ஒரு கை தாளைப் பிடுங்கியது. அவனேதான். நின்றபடி முழுக்கப் படித்தான். கிழிக்கப்போகிறான் என்றே நினைத்தேன்.
“கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே அத்தான்” என்று ஓரத்தில் நெருக்கித் தன் கையெழுத்தைப் போட்டான்.
நம்பர் 417. அதிகாரி ஓடிவந்தார்: “ஏன்யா நம்பர் போட்டீங்க!” அரைமணியில் போலீசுக்கு போன் செய்தவரும் அவரேதான். தானாகக் கண்டுபிடித்த மாதிரி பேசினார்.

மார்ச் 14, வெள்ளி
மின்கசிவு இல்லை. ஏழு மாடிக் கோப்பு போலீசிடம்; என்ஜினியரும் அங்கேயே. மச்சினனுக்கு சஸ்பென்ஷன்.
வீட்டில், “என் தம்பி பேரை எழுதின கைக்கு இனிமே நான் பரிமாறணுமா?” என்றாள். அதோடு பேச்சு நின்றது.

ஆகஸ்ட் 19
கோர்ட்டில் சாட்சி. நான் கால்மணி நேரம் உளறினேன். மச்சினன் ஒருமணி நேரம் நின்றான், குரல் பிசகவில்லை. திரும்பும்போது மூன்று பேரும் ஒரே ஆட்டோ, நடுவில் அவள்.
வாசலில் இறங்கியதும், என்னைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னாள்: “உங்க அத்தானைக் கேளுடா. குளிச்சிட்டு சாப்பிடறாரா, சாப்பிட்டுட்டுக் குளிக்கறாரா?”
அவன் என்னைக் கேட்டான். நான் அவனிடம் சொன்னேன். அவன் அவளிடம் சொன்னான்.