பகீரதனின் ஒரு நிமிடம்

20 மே 2007, ஞாயிறு
பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலிலேயே எங்கள் குழுவை நடத்தும் கிளறன்ஸ் அண்ணன் சொல்லிவிட்டார். சொந்தமாக இசை படைக்கும் ஜாஸ் குழுவுக்கு ஒரு வெளிநாட்டுத் தூதரகம் ஒரு வருடம் உதவித்தொகை தருகிறதாம். ஜூன் எட்டாம் திகதி வாசித்துக் காட்ட வேண்டும்.

இத்தனை வருடமாக ஹோட்டல் கல்யாணங்களில் மற்றவர்களின் பாட்டையே வாசித்தோம். இப்போது அதுவும் இல்லை. கொழும்பில் எங்கே குண்டு வெடிக்குமோ என்று பயந்து வீட்டுக்குள்ளேயே தாலி கட்டுகிறார்கள். இது கிடைக்காவிட்டால் அண்ணன் பேஸ் கிற்றாரை விற்கிறாராம். நான் பியானோ ரியூசன் கொடுத்தே கிழவியாக வேண்டியதுதான்.

27 மே
ஒத்திகை. எட்டாம் திகதிக்கென்று நாங்களே கட்டிய இசையின் நடுவில் நானும் அண்ணனும் கையை எடுத்துவிடுவோம். ஒரு நிமிடம் பகீரதனின் ட்ரம்ஸ் மட்டும். அவனுக்கு எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை, நாளுக்கு ஒரு விதமாக அடிப்பான். இன்று கேட்டுக்கொண்டே இருந்ததில் திரும்ப வாசிக்கத் தொடங்க மறந்துவிட்டேன். "செலீன் அக்கா, நித்திரையோ?" என்று கத்தினான். வவுனியாப் பொடியன், வாய் கூட.

1 ஜூன்
பகீரதன் தங்கியிருக்கும் வெள்ளவத்தை லொட்ஜுக்குப் பொலிஸ் வந்ததாம். கொழும்பில் என்ன வேலை என்று கேட்டார்களாம்.

"வெளிநாடு போக நிக்கிறன் எண்டு சொன்னனான் அக்கா. ட்ரம்ஸ் அடிக்க வந்தனான் எண்டால் ஆர் நம்புவான்?"

லொட்ஜில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அண்ணனும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அவனை எங்கள் வீட்டில் வைத்திருக்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "வடக்கால வந்த வயசுப் பொடியன். பொலிஸில பதியவேணும். உனக்கென்ன விசரோ?"

7 ஜூன், வியாழன்
விடிவதற்குள் லொட்ஜுகளைச் சுற்றி வளைத்துத் தமிழ் ஆட்களை ஊருக்குப் போ என்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். காரணமில்லாமல் கொழும்பில் நிற்பவர்களாம். விசா எங்கே என்று பகீரதனைக் கேட்டார்களாம். அவனிடம் ஏது விசா? உடுத்த சாரத்தோடு வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டிக் இரண்டும் கட்டிலில் கிடக்கின்றன என்று லொட்ஜ் மனேஜர் போனில் சொன்னார்.

ஐயோ — நாங்கள் சொல்லிக் குடுத்த பொய்தானே அவனை ஏத்திவிட்டது?

8 ஜூன்
நானும் அண்ணனும் மட்டும் தூதரகத்துக்குப் போனோம். பகீரதனுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் அங்கே சொன்னார். பொலிஸ் கதை கேட்டால் தூதரகத்தார் பயந்துவிடுவார்களாம்.

உள்ளே போகும்போது மெதுவாகச் சொன்னார்: "அவன்ட இடத்தைச் சும்மா விடுவம் பிள்ளை. ஒண்டும் போட்டு நிரப்பாதை."

அந்த நிமிடம் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணனின் கால் மட்டும் சத்தமில்லாமல் தாளம் போட்டது. கேட்டுக்கொண்டிருந்த தூதரக அம்மையார் கண்ணைத் துடைத்தார்.

11 ஜூன்
லொட்ஜ் ஆட்களை வெளியேற்றுவதை நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஆட்களைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பகீரதன் அதே சாரத்தோடு ஒத்திகைக்கு வந்தான். சாப்பிட்டியா என்று கேட்டேன். அவன் ஸ்டிக்கைத்தான் தேடினான்.

29 ஜூன்
உதவித்தொகை கிடைத்துவிட்டது! அண்ணன் குழந்தை மாதிரி அழுதார். பிறகுதான் அம்மையார் போனில் சொன்ன மிச்சத்தையும் சொன்னார். அந்த ஒரு நிமிட மௌனம்தான் படைப்பின் உயிராம். எதையும் மாற்றாமல் ஓகஸ்டில் மேடையில் வாசிக்க வேண்டுமாம்.

"அப்ப நான் இல்லாததுக்குத்தான் சல்லி தாறாங்களோ?" என்றான் பகீரதன்.

உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். "சொல்லு. காய்ச்சல் எண்டது பொய் எண்டும் சொல்லு. பிறகு மூண்டு பேரும் தெருவில நிப்பம்" என்றார் அண்ணன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் போனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை?

18 ஓகஸ்ட், சனி
மண்டபம் நிறைய ஆட்கள். பகீரதன் இவ்வளவு நன்றாக ஒருநாளும் அடித்ததில்லை. அந்த நிமிடம் வந்ததும் ஸ்டிக் இரண்டையும் தொடையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் நிமிர முடியவில்லை. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

19 ஓகஸ்ட்
பகீரதன் காலையில் வவுனியாவுக்குப் பஸ் ஏறிவிட்டான். இந்த முறை ரிக்கெற்றை அவனே எடுத்தான்.