முனகாத கதவுகள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் நலம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ, "சரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்பாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது. அடைப்பு இருக்கலாம், ஆஞ்சியோ செய்து பார்த்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அப்பாவும் தலையாட்டினார். வெளியே வந்ததும், சில்லறை வேலைகளை முடித்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றார். தொழிற்சாலையில் மேனேஜராக இருந்த காலம் முழுக்க அவர் முறை அதுதான்: முதலில் மேசையைக் காலிசெய்வது, பிறகு பெரிய வேலையில் உட்காருவது. மேசை ஒரே ஒரு நாள்தான் காலியானது. அன்று அவருக்கு வழியனுப்பு விழா. அந்த முறையால் இப்போது வீடு பிழைத்தது. கேட்டுக்கு எண்ணெய் விட்டாயிற்று, குளியலறை பல்பு மாறியாயிற்று, கதவுகள் எதுவும் முனகுவதில்லை. முனகுவது அவர் மட்டும்தான், அதுவும் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு. "உங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா, எங்க ஆளு ஒரு ஆணி அடிச்சதில்ல" என்றாள் மேல்வீட்டுக்காரி. வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

நேற்று மத்தியானம் துணி எடுக்கப் பின்பக்கம் போனால், ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறார், கையில் ஸ்க்ரூடிரைவர். போன வாரம் அவரே முடுக்கிய ஜன்னல் கீல், அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "லூசா இருக்கு, பாக்கணும்" என்றார். கழற்றிய திருகாணியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதுவரை பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மனுஷனுக்குப் பயம், அவ்வளவுதான். வேலை தீர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே என்று வேலையை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

உன் ஞாபகம் வந்தது. உன் பிரிவில் யாரை வேலையில் வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று நீதான் எழுதித் தர வேண்டும், குவிந்த மெயிலை முடித்துவிட்டு உட்காருகிறேன் என்று போன மாதம் சொன்னாய். குரல்கூட அதே குரல். மெயில் தீராது கண்ணா, நீ பதில் போடப் போட அவர்களும் போடுவார்கள். காலையில் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் அதை எழுது. உன் ஆட்களின் வீடுகளிலும் யாராவது தூங்காமல் கிடப்பார்கள்.

அப்பாவுக்குப் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நாள் வாங்கிவிட்டேன், அவரைக் கேட்கவில்லை. கருவிப்பெட்டி மேல்வீட்டுக்குப் போய்விட்டது. என் பேச்சு அவருக்கு வீட்டுச் சத்தம், உன் பேச்சுதான் மேலிடத்து உத்தரவு. செவ்வாய் காலை, மெயிலைத் திறப்பதற்கு முன்னால் அவரைக் கூப்பிடு. தைரியமாக இருங்கள் என்று மட்டும் சொல்லாதே, எனக்கென்ன பயம் என்பார். "எனக்குப் பயமா இருக்குப்பா, போய் பாத்துட்டு வாங்க" என்று சொல்.

நோய்நொடியில்லாமல், நல்ல தூக்கத்தோடு நீ நெடுநாள் இருக்க வேண்டும். செவ்வாய், மறக்காதே.

உன் அம்மா

பி.கு: சமையலறைக் குழாய் சொட்டுகிறது. காலையில் சொட்டவில்லை. சொட்டட்டும், முதலில் இதைக் கூரியரில் போட்டுவிட்டு வருகிறேன்.