காது இரைச்சலுக்கு ஒரு கூட்டம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தான் முட்டிவலியோடு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். சின்னவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்து எழுதலாம் என்றிருந்தேன். போய்வந்தேன். அன்றிலிருந்து ஊசிப்போனதைத் தின்ற மாதிரி வாயெல்லாம் கசக்கிறது.

காது இரைச்சலுக்குச் செய்கிற வைத்தியங்களில் எது நிஜமாகவே பலன் தருகிறது, எது வெறும் ஏமாற்று என்று, இதுவரை வந்த ஆராய்ச்சிகளைக் காது டாக்டர்கள் சிலர் சேர்த்து அலசப் போகிறார்களாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக அலச ஆள் இல்லை. எதை முதலில் எடுப்பது என்று ஓட்டுப் போட்டுப் பட்டியல் போட, மருத்துவர்களோடு எங்களைப் போன்ற நோயாளிகளையும் அழைத்திருந்தார்கள். பாட்டில் தொழிற்சாலையில் காதைத் தொலைத்தவள் என்று எங்கள் காது டாக்டரம்மா என் பேரைக் கொடுத்திருந்தார்.

அறையில் ஏசி உறுமிக்கொண்டிருந்தது. என் காதுக்குள் இருக்கும் சில்வண்டும் அதோடு சேர்ந்துகொண்டது. கொஞ்சம் அணைக்க முடியுமா என்று கேட்டேன். "பழகிடும்மா" என்றார் தலைவராக உட்கார்ந்திருந்த பெரிய டாக்டர். எந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னார் பார்!

பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர். நம்மைப் போல அவதிப்படுகிறவர் என்று நினைத்து, "உங்களுக்கு எந்தக் காது?" என்று விசாரித்தேன். "ரெண்டும் நல்லாருக்கு மேடம்" என்று பல்லைக் காட்டினார். இரைச்சலை மறைக்கக் காதில் மாட்டுகிற மெஷினை விற்கும் கம்பெனியின் ஆள். அவருக்கும் ஓட்டு உண்டாம்! தேநீர் இடைவேளை முழுக்க டாக்டர்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு திரிந்தார். திரும்பி வந்து ஓட்டெடுத்தால் பட்டியலில் மெஷின்தான் முதலிடத்தில். "இதுக்குத்தான் நிறைய ஆராய்ச்சி வந்திருக்கு" என்றார் தலைவர். வராமல் என்ன செய்யும்? ஆராய்ச்சிக்குச் செலவழித்ததே விற்கிறவன்தானே. தூக்கம் கெட்டு, மனம் ஒடிந்து கிடப்பவர்களுக்கு, உட்கார வைத்துப் பேசியே மனதைத் தேற்றுகிற பேச்சு சிகிச்சை உதவுமா என்ற எங்கள் கேள்வியை, கெஞ்சிக் கூத்தாடியபின் நடுவில் எங்கோ செருகினார்கள்.

அப்போது எங்களில் ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், தையல்காரி, எழுந்தாள். "காது நரம்பையே வெட்டுறாங்களே, அதை எப்ப பாப்பீங்க?"

"அதுக்குச் சரியான ஆராய்ச்சியே இல்லையேம்மா. இல்லாததை எப்படி அலசறது?" என்றார் தலைவர்.

"ஆராய்ச்சி இல்லைன்னா எனக்கு எதுக்கு வெட்டுனாங்க?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்க உணர்வு புரியுது என்று சொல்லிவிட்டு, அதை ‘மற்றவை’யில் போடச் சொன்னார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம். கூடாததைக் கூடாதுன்னு சொல்றதும் வைத்தியம்தானே என்று நானும் கத்தினேன். "குறிச்சுக்கிட்டோம்" என்றார்கள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. அங்கே கை நனைக்கப் பிடிக்காமல் அவளோடு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். "இந்தப் பக்கம் வாங்கக்கா, அந்தக் காது செத்துப்போச்சு" என்றாள். "வெட்டினா நின்னுடும்னாங்க. வெளிச் சத்தம்தான் நின்னுச்சு. உள்ள கத்துறது அப்படியே இருக்கு. முன்னாடியாவது தெருச் சத்தத்துல கொஞ்சம் அமுங்கும். இப்ப குழந்தை கூப்பிட்டாக்கூட எந்தப் பக்கம்னு தெரியலக்கா."

தம்பி, கப்பல் எஞ்சின் அறை உன் காதை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத் தெரியும். நரம்பை வெட்டி எறிந்தால்தான் நிம்மதி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதுவும் பலிக்காவிட்டால் என்று அதற்கும் கீழே நீ எழுதியிருந்ததை அத்தானிடம்கூட நான் காட்டவில்லை.

அந்தப் பெரிய மனிதர்கள் அலசி முடிக்கும்வரை நீ காத்திருக்க வேண்டாம். வெட்டிக்கொண்டவள் சொன்னதைக் கேட்டுவிட்டேன். தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு நேராக இங்கே வா. பேச்சு சிகிச்சை கொடுக்கிற ஒருவரை டாக்டரம்மாவுக்குத் தெரியுமாம். இரைச்சல் போகாதாம், அதன் பிடி தளரலாமாம். நிச்சயம் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

முன் அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் காது மந்தம். கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். அக்காளும் தம்பியும் சண்டை போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டார் நினைத்தால் நினைக்கட்டும். உன் குரல் இந்த வீட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இருக்க வேண்டும்டா.

வழி பார்த்திருக்கும்,
உன் அக்கா