வெள்ளிக்கிழமைப் பற்றறி

மணற்காடு
31.10.1983

அன்புள்ள குணத்துக்கு,

நான் சுகம். நீரும் மாமியும் மச்சான் முருகேசுவும் நலமாயிருக்க வேண்டும். நீர் அனுப்பிய பருத்தித்துறை வடையில் பாதியை எறும்பு தின்றது, மீதிதான் எனக்கு.

மீனவர் சங்கத்தார் வயர்லெஸ் கம்பத்தை இந்த மணல்மேட்டில் நட்ட பிறகுதான் இங்கே கரண்ட் இல்லையென்று கண்டுபிடித்தார்கள். ஒரு பற்றறி எட்டு நாள் தாங்காது. நீர் வீட்டில் சார்ஜ் ஏற்றி, சூசைதாசனின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வெள்ளிதோறும் அனுப்புவதால்தான் வள்ளங்களோடு கதைக்கிறேன். மாரி தொடங்கிவிட்டது. இந்த வெள்ளி தவறவேண்டாம்.

உம்முடைய
பரமலிங்கம்

வல்வெட்டித்துறை
5.11.1983

அன்புள்ள அத்தானுக்கு,

கோபிக்க வேண்டாம். நேற்றுச் சூசைதாசன் வரும்போது விளக்கு வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு உப்புக்கூட வெளியே கொடுக்காத வீடு இது. “லட்சுமியைத் தூக்கித் தரச் சொல்லுறியளே அண்ணை? விடியக் காலமை வாங்கோ” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது கடிதமும் பற்றறியும் சேர்ந்து வருகின்றன. ஒருநாள் நீங்கள் கதைக்காவிட்டால் கடல் வற்றிவிடாது. தம்பி முருகேசு நேற்றுக் கடற்றொழிலுக்குப் போனவன் இன்னும் வரவில்லை. வந்ததும் மீன் அனுப்புகிறேன்.

அன்புடன்
குணலட்சுமி

மணற்காடு
8.11.1983

குணம்,

இதற்குள் உமக்குத் தெரிந்திருக்கும். மற்ற வள்ளங்கள் தப்பிவிட்டன. முருகேசுவின் வள்ளத்தில் இரண்டு பலகைதான் கரையொதுங்கியது.

வயர்லெஸ்ஸில் கேட்பதற்குப் பற்றறியில் கொஞ்சப் பலம் போதும், பேசத்தான் நிறைய வேண்டும். அந்த வெள்ளி இரவு புயல் அறிவித்தலைக் கேட்டேன். பிறகு அவன் கூப்பிட்டான். “அத்தான், காத்து மாறுது. திரும்பட்டோ?” மூன்று தரம் கேட்டான். நான் விசையை அமத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். ஒன்றும் போகவில்லை.

நான் நித்திரையாகிவிட்டேன் என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று பற்றறி வராததைச் சூசைதாசனும் சொல்ல மாட்டார். நீரும் சொல்லவேண்டாம். உம்மைவிட்டால் மாமிக்கு யார் இருக்கிறார்கள்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறேன். உம்மைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.

பரமலிங்கம்

வல்வெட்டித்துறை
27.11.1983

அத்தான்,

அம்மா வருகிறவர்கள் எல்லாரிடமும் உங்களைத் திட்டுகிறார். “நித்திரை கொண்டு என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டான்” என்கிறார். நான் பக்கத்திலிருந்து அவரின் முதுகைத் தடவிவிடுகிறேன். வாய் திறப்பதில்லை. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாயிருக்கிறது.

அந்தியேட்டிக்கு வரவேண்டாம். உங்களை முற்றத்தில் கண்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதன்பிறகு அம்மாவுக்கு மகளும் இல்லாமல் போய்விடுவாள்.

அந்தியேட்டி முடிந்த பிறகும் வரவேண்டாம்.

குணலட்சுமி