டேவியனின் பாதமும் நாங்கள் வைத பெண்ணும்

ஜனவரி 14

டேவியன் இன்றும் ஆடவில்லை. நான்காவது ஆட்டம். அணியின் டாக்டர், அவன் ஆடலாம் என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் அவன் சார்பில் அணியோடு பேசும் ஏஜென்ட் நடீன் பிரெவிட், இடது பாதத்தை வெளி டாக்டர் ஒருவர் பார்க்காமல் களத்தில் இறக்க மாட்டேன் என்கிறாளாம். எங்கள் கூடைப்பந்து அணி ரிவர்மென் பதினெட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. பிட்ஸ்பர்க் நகரமே அவளைத்தான் திட்டுகிறது.

பக்கத்து இருக்கை ரோஸ்கோ பொங்கினான். "ரத்தம் உறிஞ்சுற அட்டைடா அவ! வேற ஊருக்கு அவனைத் தள்ளிவிடத்தான் இந்த நாடகம்."

ஜனவரி 17

அவளே அரங்குக்கு வந்திருந்தாள். எங்களுக்கு ஆறு வரிசை கீழே. எங்கள் பகுதி மொத்தமும் கத்தியது. நானும் எழுந்து நின்று, "வீட்டுக்குப் போ, அட்டை!" என்று கத்தினேன். அவள் திரும்பவே இல்லை. தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 18

என் கூச்சலை என் மனைவி டெல்ஃபீன் டிவியில் பார்த்திருக்கிறாள்.

"உனக்கு முதுகு புடிச்சப்போ, பஸ் ஓட்டலாம்னு டிப்போ டாக்டர் எழுதிக் கொடுத்தாரே. உனக்காகப் போய் சண்டை போட்டது யாரு?"

"யூனியன்காரன் மார்வின்."

"அவனை அட்டைன்னு யாராச்சும் சொன்னாங்களா, வால்ட்?"

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். போய்ப் பாத்திரம் கழுவினேன். எப்படித்தான் வேறு?

ஜனவரி 23

கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் செய்தியைப் படித்தேன். வெளி டாக்டர் எடுத்த ஸ்கேனில் பாத எலும்பில் விரிசல். அந்தக் காலோடு ஆடியிருந்தால் முழுசாய் முறிந்து, ஆட்டமே முடிந்து போயிருக்கலாமாம். இருபத்திரண்டு வயது! திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. குணமாகிவிடும் என்கிறார்கள்.

தப்பிச்சான். அப்பாடா — தப்பிச்சான்!

ரோஸ்கோ போன் செய்தான்.

"வால்ட்... அந்தக் காலோட ஆடச் சொல்லித்தானே நாம கத்தினோம்?"

"ஆமா."

ஜனவரி 25

நடீனின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். இரண்டைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் மூன்றே வரி: கத்தியவர்களில் நானும் ஒருவன். தப்பு என்னுடையது. அவனைக் காப்பாற்றியதற்கு நன்றி.

பிப்ரவரி 20

பதில் இல்லை. அவள் எதற்குப் போடவேண்டும்?

அக்டோபர் 27

புது சீசனின் முதல் ஆட்டம். டேவியன் இருபத்திரண்டு நிமிடம் ஆடினான். ஒருமுறை பந்துக்காக எம்பி, இடது காலை ஊன்றி இறங்கினான். அரங்கமே மூச்சை அடக்கியது. அவன் நிற்காமல் மறுமுனைக்கு ஓடிவிட்டான். பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

இடைவேளையில் காபி வரிசையில் எங்களுக்கு முன்னால் நடீன். ரோஸ்கோவும் நானும் அணியின் சட்டையில் நிற்பதைப் பார்த்ததும் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு வசவைக் கேட்கத் தயாரான முகம். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ரோஸ்கோ தொப்பியைக் கழற்றினான். "அம்மா, பையன் நல்லா ஓடுறான்."

அவள் எங்கள் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"ஆமா, இல்ல?" என்றாள். பை தோளுக்குப் போனது. "அவன் எம்பினப்போ நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

வரிசை நகரும்வரை மூவரும் அவன் பாதத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.