ஒரே கோப்பை இருவர் திறந்த நாள்

மச்சான்,

"இந்தக் கோப்பை இன்னொருவர் திறந்திருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்." இன்று காலை வெள்ளவத்தை கிளினிக்கின் திரையில் இந்த வாசகம் வந்தது. நீ எழுதியது. படித்ததும் உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கிளினிக்குக்கு நாம் இருவரும் சேர்ந்து மென்பொருள் எழுதிய புதிதில், ஒரு நோயாளிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அவருடைய கோப்பிலிருந்து காணாமல் போனது. ஊசி போடப்போகும் நேரத்தில் அவரே சொன்னதால் தப்பினார். பழி, வரவேற்பு மேசையில் இருந்த செல்வியின் மேல் விழுந்தது. ஹட்டனிலிருந்து வேலைக்கு வந்திருந்த பெண். "சத்தியமா பதிஞ்சேங்க சேர்," என்று அழுதாள். நான் நம்பவில்லை. பதிந்தவரின் கவனக்குறைவு என்று அறிக்கையே எழுதிவிட்டேன். அவளுடைய வேலை போகும் நிலை.

நீ அதைப் படித்துவிட்டு, "அந்தப் பிள்ளை பொய் சொல்லுதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாய்.

"எங்கட புரோகிராம்ல பிழை இல்லை மச்சான். ஒருத்தர் திறந்திருந்தா மற்றவருக்குத் திறக்காது."

"வா, பாப்பம்."

கோப்பு திறக்கும், சேமிக்கும் ஒவ்வொரு கணத்தையும் குறித்துவைக்க ஒரு சின்ன நிரல் எழுதினாய். பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து திறந்து பார்த்தோம். எத்தனையோ தடவை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருமுறை இருவருக்கும் திறந்தது. நான் ஒரு வரி எழுதிச் சேமித்தேன். நீ உன்னிடமிருந்த பழைய பிரதியை அதன் மேல் சேமித்தாய். என் வரி இல்லை.

"ஆராவது திறந்திருக்கினமோ எண்டு முதல்ல பாக்கிறம். பிறகுதான் பூட்டுறம். அந்த இடைவெளிக்குள்ள மற்றாள் நுழைஞ்சிடுறார்," என்றாய்.

விசாரித்தபோது தெரிந்தது: செல்வி திறந்த அதே நேரத்தில் உள்ளே தாதியும் அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்; அவர் சேமித்த பழைய பிரதி செல்வியின் குறிப்பை அழித்துவிட்டது. பார்ப்பதையும் பூட்டுவதையும் இயங்குதளம் ஒரே செயலாகச் செய்யும்படி அன்றே மாற்றினாய். என் அறிக்கையை நான்தான் கிழித்தேன். செல்வியிடம் மன்னிப்புக் கேட்க என்னைக் கூட்டிப்போனது நீ.

டெங்கு உன்னைக் கொண்டுபோவதற்கு முந்திய ஞாயிறு, "கொட்டாஞ்சேனைக்கு வாவன், கதைச்சு எவ்வளவு நாள்," என்று கூப்பிட்டாய். அடுத்த கிழமை வருவதாகச் சொன்னேன். அடுத்த கிழமை வந்தேன். உன் வீட்டு வாசலில் செல்வி எனக்கு முன்பே நின்றிருந்தாள்.

இப்போதெல்லாம் ஒருவர் "நான் செய்யவில்லை" என்றால், அவர் செய்ததாகச் சொல்வதை அப்படியே செய்து பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறேன். நேற்று அலுவலகத்தில் அப்படித் தேடிய ஒரு பிழை அகப்பட்டது. சந்தோஷத்தில், "மச்சான், இஞ்ச பார்!" என்று திரும்பினேன். பக்கத்தில் நீ உட்காரும் கதிரையில் என் பை மட்டும் இருந்தது.