வடக்குப் பாறை என்று எழுதிய தாள்

அன்பே,

கையெழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதே. வலது கண் வீங்கி மூடிக்கிடக்கிறது, முன்பல் இரண்டு போய்விட்டன. உன் அண்ணன் லாக்லன் வந்திருந்தான்.

உன்னிடம்கூட நான் சொல்லாத ஒன்று உண்டு. நான் கண்டுபிடித்த செடியை உலர்த்திப் பதிவுத் தாளில் ஒட்டியபோது, அது வளரும் இடத்தை மாற்றி எழுதினேன். எடின்பரோவிலிருந்து செடி சேகரிக்கிறவர்கள் வந்து வேரோடு பிடுங்கிப் போய்விடுவார்கள் என்ற பயம். செடி தேடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அது வளர்வது ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில். நான் எழுதியதோ வடக்குப் பாறை. உன் தம்பி ஃபெர்கஸ் அதைப் படித்துவிட்டு, என் பிறந்தநாளுக்கு ஒன்று பறித்துவர அங்கே ஏறுவான் என்று எனக்குத் தெரியாது.

நேற்று ஆடு தேடிப்போன லாக்லன் சதுப்பில் அந்த மஞ்சள் பூவைப் பார்த்துவிட்டான்.

"மாப்ள, இது எங்க முளைக்குதுன்னு எழுதினீங்க?" என்று பூவை நீட்டினான்.

"உன் பொய்யப் படிச்சிட்டுத்தான்டா என் தம்பி ஏறினான்!"

சட்டையைப் பிடித்துச் சதுப்பு வரை தரதரவென்று இழுத்துப்போனான். ஆணியடித்த பூட்ஸால் பதினொரு செடிகளையும் ஒவ்வொன்றாக மிதித்துச் சேறாக்கினான். உலகத்தில் இருந்ததே அவ்வளவுதான்.

அதுவரை என்னை அவன் ஓர் அடிகூட அடிக்கவில்லை. நான்தான் சேற்றில் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு கதறினேன். ஃபெர்கஸின் உடலைப் பாறையடியிலிருந்து கயிறு கட்டித் தூக்கியபோது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாமல் நான் நின்றதை நீயும் பார்த்தாய், லாக்லனும் பார்த்தான்.

"இதுக்கு அழுவுறியா நீ?" என்று கேட்டான். பல் அதற்குப் பிறகுதான் போனது.

அம்மா வீட்டிலிருந்து எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

இன்னும் நீ ஒப்புக்கொண்டால்,
உன் கணவன்